பெல்லாரியில் பிறந்த பயிற்சி

1985-ஆம் ஆண்டு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஒரு கையேட்டை வெளியிட்டது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் பாம்புக்கடிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட மனநலக் கையேடு அது. மோகன் ஐசக், சி.ஆர்.சந்திரசேகர், ஆர்.சீனிவாச மூர்த்தி மூவரும் சேர்ந்து எழுதினார்கள். மனநோயாளி ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பது, எந்த மாத்திரையில் தொடங்குவது, யாரைத் தன்னிடமே வைத்துப் பார்ப்பது, யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்பவைதான் அவர்கள் சொல்ல வந்த விஷயம்.

இன்று நாட்டில் 767 மாவட்டங்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதன் வேர் அந்த ஆண்டுகளில், கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு சாதாரண எம்.பி.பி.எஸ். மருத்துவரின் கையில் மனநல மருத்துவம் எப்படி வந்து சேர்ந்தது என்பது நம் நாட்டுப் பொதுச் சுகாதார வரலாற்றில் அதிகம் பேசப்படாத அத்தியாயம்.

படுக்கைகளை எண்ணிய காலம்

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு, 1946-இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரிக்கப்படாத இந்தியாவின் மக்கள்தொகை அப்போது சுமார் 40 கோடி. மனநல மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகளோ பத்தாயிரம் சொச்சம். ஏறக்குறைய 40,000 பேருக்கு ஒரு படுக்கை. அந்தப் படுக்கைகளும் உயர்ந்த மதில் சுவர்களுக்குள், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தன. உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது என்பதால் குடும்பங்களும் கடைசி கட்டத்தில்தான் அங்கே கொண்டுபோய் விட்டன.

மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டே போவதுதான் வழி என்று அன்று பலரும் நினைத்தார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர் வேறு வழியைச் செய்து காட்டினார். மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு அவருடைய குடும்பத்தாரையும் தங்க வைத்தார். உறவினர்கள் பக்கத்தில் இருந்து நோயைப் புரிந்துகொண்டார்கள், மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள், குணமானவரைக் கையோடு ஊருக்கு அழைத்துப் போனார்கள். மனநோய் சிகிச்சைக்குச் சுவர் கட்டாயமில்லை என்பதற்கு இந்திய மண்ணில் கிடைத்த முதல் பெரிய சான்று இது.

ஆனாலும் அமிர்தசரஸுக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த வழி உதவியது. வர முடியாத கிராமத்தாருக்கு யார் இருந்தார்கள்? 1970-களின் நடுவில் 60 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருந்தார்கள்.

ஹரியானாவில் ஒன்று, பெங்களூரு அருகே ஒன்று

வளரும் நாடுகளில் மனநலச் சேவையை எப்படி அமைப்பது என்று ஆராய உலக சுகாதார நிறுவனம் நிபுணர் குழு ஒன்றை 1974-இல் கூட்டியது. நிபுணர்கள் பெருகும்வரை காத்திருக்க முடியாது, இருக்கிற பொது மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் அடிப்படை மனநலச் சிகிச்சையைக் கையில் எடுக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஏழு நாடுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. இந்தியாவுக்கான களம் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் என்.என்.விக் அதை வழிநடத்தினார். சீனிவாச மூர்த்தியும் அந்தக் குழுவில் இருந்தார். பின்னாளில் நிம்ஹான்ஸுக்கு வந்தார்.

அதே நேரத்தில் தெற்கே இன்னொரு முயற்சி தொடங்கியது. 1975-இல் நிம்ஹான்ஸ் தன் சமூக மனநலப் பிரிவை ஆரம்பித்தது. டாக்டர் ஆர்.எல்.கபூர் அதற்குத் தலைமை ஏற்றார். பெங்களூருவை ஒட்டிய சகலவாரா கிராமத்தில் ஒரு மனநல மையம் அமைந்தது. கிராமத்துச் செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் மருத்துவருக்கும் என்ன கற்றுக்கொடுக்கலாம், எவ்வளவு நாளில் கற்றுக்கொடுக்கலாம் என்பதை அங்கே சோதித்துச் சோதித்துத் திருத்தினார்கள்.

ஏழு நாட்டு ஆய்வின் பகுதியாக 1980-இல் வெளியான ஒரு கட்டுரை நிலைமையைப் பளிச்சென்று காட்டியது. இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்த 1,624 நோயாளிகளைப் பரிசோதித்ததில் 225 பேருக்கு, அதாவது 13.9 விழுக்காட்டினருக்கு, மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தலைவலி, வயிற்றுவலி, இருமல், அசதி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். அங்கிருந்த சுகாதாரப் பணியாளர்கள் சரியாகக் கண்டுபிடித்தது மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே. ஏழு பேரில் ஒருவர் மனத்தின் வேதனையோடு வந்திருக்கிறார்; அவர்களில் பெரும்பாலோர் உடம்புக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

எதைக் கற்றுத்தருவது, எதை விடுவது

அக்காலத்து எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது ஓரிரு வாரம்தான். அந்த நாட்களிலும் மாணவர்கள் பார்த்தது மனநல மருத்துவமனைக்குள் இருந்த கடுமையான நோயாளிகளை. தன் ஓ.பி.யில் தினமும் வந்துபோகும் மனச்சோர்வு நோயாளியை ஒரு மருத்துவர் பாடமாகப் பார்த்ததே கிடையாது.

அதனால் சகலவாரா குழுவினர் முதலில் செய்த வேலை பாடப்புத்தகத்தைச் சுருக்குவது. நூற்றுக்கணக்கான நோய்ப் பெயர்களை ஒதுக்கி வைத்தார்கள். கடுமையான மனநோய், மனச்சோர்வு, வலிப்பு, குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று ஒரு கிராமத்து மருத்துவர் அடிக்கடி பார்க்கக்கூடிய, பார்த்தால் ஏதாவது செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மருந்துகளும் அப்படியே. குளோர்புரோமசின், ஒரு மனச்சோர்வு மாத்திரை, வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன், மருந்தால் வரும் விறைப்புக்கு டிரைஹெக்ஸிபெனிடில், மாத்திரை சாப்பிட மறுப்பவருக்கு வாரங்கள் தாங்கும் ஃபுளூபெனசின் ஊசி. ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பட்டியல். எல்லாமே விலை குறைந்தவை. மருத்துவர்களுக்கு இரண்டு வாரம், சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வாரம் என்று பயிற்சிக் காலம் வகுக்கப்பட்டது.

கிராம மருத்துவரைக் குட்டி மனநல நிபுணர் ஆக்கும் நோக்கம் இதில் இல்லை. எந்த நோயாளிக்கு எந்த இடத்தில் எந்த உதவி பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கும் திறமையை அவருக்குக் கொடுப்பதுதான் நோக்கம். நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, எல்லோரையும் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பவரால் பயனில்லை. யாரையுமே அனுப்பாமல் எல்லோருக்கும் தூக்க மாத்திரை எழுதுபவரால் ஆபத்து.

ஒரு நோயாளி, ஆறு முடிவுகள்

இந்தப் பிரித்தறிதல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் காலை ஓ.பி. வெளியே நீண்ட வரிசை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் சீட்டை நீட்டுகிறார். தலைவலி, கை கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு. மூன்றாவது மாதமாக வருகிறார். இதுவரை கிடைத்தது பாராசிட்டமாலும் சத்து மாத்திரையும்.

பயிற்சி பெற்ற மருத்துவர் இங்கே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார். “ராத்திரி தூக்கம் எப்படிம்மா இருக்கு?” விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது டாக்டரம்மா என்பார் அவர். “சாப்பாடு ருசிக்குதா? முன்னாடி ஆசையா செஞ்ச வேலை இப்பவும் பிடிக்குதா?” அந்தப் பெண்ணின் கண் கலங்கும். அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் மருத்துவர்கள் பொதுவாகத் தயங்குவார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற பயம். அப்படி ஆகாது, கேட்பது நோயாளிக்கு நிம்மதியைத்தான் தரும் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்வார்கள். “இப்படி இருக்கறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?”

பதிலைப் பொறுத்து வழிகள் பிரிகின்றன. இரண்டு மூன்று வாரமாக வருத்தம், வேலைகள் தடைபடவில்லை என்றால் மாத்திரை தேவையில்லை. பேசி, தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி, வீட்டில் ஒருவரைத் துணைக்கு இருக்கச் சொல்லி, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னால் போதும். சோர்வு ஆழமாக இருந்து சமையலும் கூலி வேலையும் நின்றுபோயிருந்தால் மனச்சோர்வு மாத்திரையை இங்கேயே தொடங்கலாம். அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நன்றாக ஆன பிறகும் பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பத்தாம் நாளில் மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.

முகம் வெளிறி, உடல் எடை கூடியிருந்தால் முதலில் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை. முன்பு எப்போதாவது பல நாள் தூங்காமல் சுறுசுறுப்பாக, அளவுக்கு மீறிப் பேசி, கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவழித்த காலம் உண்டா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் இது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் மறுமுனைக்குப் புரண்டுவிடக்கூடும் என்பதால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். பூச்சிமருந்தை எடுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னால் அவரைத் தனியே விடக்கூடாது. வீட்டாரை அழைத்து, மருந்து டப்பாவை அகற்றச் சொல்லி, அன்றைக்கே ஆளோடு மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன்தான் காரணம் என்றால் மாத்திரையால் மட்டும் அது தீராது. அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பும் சட்ட உதவியும் கிடைக்க வழிகாட்ட வேண்டும். கணவனின் குடிநோய்க்கும் சிகிச்சை வேண்டும்.

ஒரே தலைவலி, ஆறு வெவ்வேறு முடிவுகள். பத்து நிமிடத்தில் இவற்றில் சரியானதைத் தேர்ந்தெடுக்கப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்.

பெல்லாரி

சகலவாராவில் கற்றது சிறிய அளவில் வெற்றி பெற்றது. ஒரு முழு மாவட்டத்தில் நிற்குமா? இதற்கிடையே 1981 பிப்ரவரியில் லக்னோவில் கூடிய நிபுணர்கள் ஒரு தேசிய வரைவை எழுதினார்கள். 1982 ஆகஸ்டில் மத்திய சுகாதாரக் குழு அதை ஏற்றுக்கொண்டது. வளரும் நாடுகளில் தேசிய மனநலத் திட்டத்தை முதலில் வகுத்தவற்றுள் ஒன்றானது இந்தியா. காகிதத்தில் திட்டம் வந்துவிட்டது. நிதி பெயரளவுக்கே இருந்தது. நடத்திக் காட்ட ஒரு மாவட்டம் தேவைப்பட்டது.

பெங்களூருவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெல்லாரியை நிம்ஹான்ஸ் எடுத்துக்கொண்டது. 1981 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 15 லட்சம். 1985 முதல் 1990 வரை அங்கே நடந்த பணிதான் பின்னாளில் பெல்லாரி மாதிரி என்று பெயர் பெற்றது.

அங்கே பயிற்சி தனியாக நிற்கவில்லை. மாவட்டத்தின் சுகாதார நிலைய மருத்துவர்களும் பணியாளர்களும் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி முடிந்து திரும்பிய மருத்துவரின் அலமாரியில் மருந்து காத்திருந்தது. நோயாளிக்கு எளிய பதிவு அட்டை இருந்தது. மாதாமாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்ற அறிக்கை மேலே போனது. மாவட்டத் தலைநகரில் மனநல மருத்துவரோடு ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்கியது. சிக்கலான நோயாளியை அங்கே அனுப்பலாம், அவர் தேறியதும் கிராமத்து மருத்துவரிடமே திரும்ப அனுப்புவார்கள். மாவட்ட சுகாதார அலுவலரின் மாதக் கூட்டத்தில் தடுப்பூசிக் கணக்கோடு மனநலக் கணக்கும் பேசப்பட்டது.

பெல்லாரியின் வெற்றி இந்தச் சங்கிலியில் இருந்தது. அனுப்ப இடமில்லாத மருத்துவருக்கு யாரை அனுப்புவது என்று கற்றுக்கொடுத்து என்ன பயன்? கையில் மருந்தில்லாதவருக்கு எதை எழுதுவது என்று சொல்லித்தான் என்ன பயன்?

திருச்சிக்கு வந்தது, ஏர்வாடியில் எரிந்தது

1996-97-இல் மத்திய அரசு பெல்லாரி மாதிரியை மாவட்ட மனநலத் திட்டமாக அறிவித்து நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அன்றைய ஆந்திரத்தின் மேடக், அசாமின் நகாவ், ராஜஸ்தானில் ஒன்று, தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி. நாட்டின் முதல் நான்கில் நம் திருச்சியும் ஒன்று.

ஆனால் நான்கு மாவட்டம் நாடாகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். மருந்தால் கட்டுப்படக்கூடிய நோய்க்கு இரும்பால் கட்டுப் போட்ட கொடுமை அது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. அவர்களுடைய ஊர் சுகாதார நிலையத்தில் பேசத் தெரிந்த ஒரு மருத்துவரும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்திருந்தால் அவர்களில் பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் பிறகே மனநலத் திட்டம் வேகம் பிடித்தது.

மாவட்டங்கள் பெருகப் பெருகப் பயிற்சி நீர்த்துப்போனது. பல இடங்களில் அது ஒரு மண்டபத்தில் நடக்கும் சில நாள் வகுப்பாகச் சுருங்கியது. கையொப்பம், சான்றிதழ், மதியச் சாப்பாடு. திரும்பிப் போன மருத்துவர் முதல் நோயாளியைப் பார்க்கும்போது சந்தேகம் கேட்க ஆளில்லை. பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனார். வந்தவர் பயிற்சி பெறாதவர். மருந்து தீர்ந்தால் மாதக்கணக்கில் வரவில்லை. 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநோய்களுக்குச் சிகிச்சை கிடைக்காதவர்களின் அளவு 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகச் சொன்னது. பெல்லாரிக்குப் பின் 30 ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு இது.

வகுப்பறை ஓ.பி.க்கு வந்தது

பெல்லாரியின் அடிப்படை எண்ணம் உலக அளவிலும் வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் மனநல இடைவெளியைக் குறைக்கும் செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2010-இல் அதற்கான சிகிச்சை வழிகாட்டியையும் 2016-இல் அதன் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. ஆம், இல்லை என்று கிளை பிரிந்து செல்லும் வரைபடங்கள் வழியே, நிபுணர் அல்லாத மருத்துவர் தானே முடிவெடுக்க அது உதவுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பயன்பாட்டில் இருக்கிறது.

வகுப்பறைப் பயிற்சியின் பலவீனத்துக்கு மருந்து மறுபடி பெங்களூருவிலிருந்தே வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கென்றே நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் மிகச் சுருக்கமான புதிய கையேட்டை உருவாக்கினார்கள். அதைக் கையில் கொடுத்துவிட்டு, கர்நாடகத்து மருத்துவர்களின் ஓ.பி. அறைக்குள்ளேயே வீடியோ வழியாகப் போய் உட்கார்ந்தார்கள். வரிசையில் வருபவர் வேறு ஏதோ தொந்தரவுக்காக வந்த வழக்கமான நோயாளி. மருத்துவர் கையேட்டில் உள்ள கேள்விகளைக் கேட்கிறார். திரையில் இருக்கும் மனநல மருத்துவர் கவனிக்கிறார், தேவைப்படும்போது கூடுதலாக ஒன்றைக் கேட்கச் சொல்கிறார். இருவரும் கலந்து பேசிய பிறகு உள்ளூர் மருத்துவரே மருந்தை எழுதுகிறார். அடுத்தமுறை அந்த நோயாளி தேறி வரும்போது, தான் எடுத்த முடிவு சரி என்பதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கிறார். எத்தனை நாள் வகுப்பிலும் வராத தன்னம்பிக்கை அப்போதுதான் வருகிறது.

என்னுடைய உறுதியான கருத்து இதுதான்: மனநலப் பயிற்சியை நாட்கணக்கில் அளப்பதை நாம் நிறுத்த வேண்டும். இத்தனை மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தோம் என்ற அறிக்கையால் ஒரு நோயாளியும் தேறுவதில்லை. பயிற்சி பெற்றவர் கடந்த மாதம் எத்தனை மனச்சோர்வு நோயாளிகளைக் கண்டுபிடித்தார், எத்தனை பேருக்குத் தானே சிகிச்சை தொடங்கினார், எத்தனை பேரை அனுப்பினார், அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு மனநல மருத்துவரின் தொலைபேசி எண் அவரிடம் இருக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் இந்த ஐந்தாறு மருந்துகள் ஒரு நாளும் தீரக்கூடாது. 1985-இல் ஒரு பின்தங்கிய மாவட்டத்தில், கணினியும் செல்பேசியும் இல்லாத காலத்தில் முடிந்ததை இன்று முடியாது என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாருடனும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தலைவலி, அசதி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனசு சரியில்லை என்பதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உடனே போக முடியாத நேரத்தில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே அழைக்கலாம். மனநோய்க்கு உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை; 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை எழுத்திலேயே உறுதி செய்திருக்கிறது.